பொழுது சாயுமுன்: ஒரு கைப்பேசிச் செயலி உருவான வழி

(சென்ற ஆண்டு மகாவீர் ஜெயந்தி விழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கைப்பேசிச் செயலிகளுக்கான புதிய எண்ணங்களைக் கண்டறிவதும் வடிவமைப்பதும் எப்படி என்று பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் வடிவமைப்பில் இருக்கிறேன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. உண்மையில், இத்தலைப்பில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதியை என் தோல்வி ஒன்றிலிருந்தே கற்றேன். ஆகவே இலக்கணம் கூறுவதை விட்டு, அந்தத் தோல்வியையும் அதன் பின் நடந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், நம் சமுதாயத்திற்கென்று ஒரு செயலி செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் எனக்கும் நண்பர் மூவருக்கும் எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அமர்ந்து, எவையெல்லாம் இருக்கலாம் என்று எழுதினோம். பஞ்சாங்கம், தோத்திரங்களின் ஒலிப்பதிவு, ஜினாலயங்களின் பட்டியல், குடும்பங்களின் விவரத் திரட்டு, வரன் தேடும் பகுதி, நன்கொடை, விழா அறிவிப்புகள், படத்தொகுப்பு, சிறுவர்க்கான வினாடி வினா என்று பட்டியல் வளர்ந்தது. இறுதியில் பதினொரு பகுதிகள் ஆயின. ஒவ்வொன்றும் நல்லதே. எதையும் நீக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் இரவும் விடுமுறையும் பாராமல் உழைத்து, இதுபோன்றதொரு மேடையில் வெளியிட்டோம். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து, எந்தப் பகுதியை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலோர் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, மறுபடி அதன் பக்கம் வரவே இல்லை. விளம்பரம் போதவில்லை என்றார் ஒரு நண்பர். நிறம் சரியில்லை என்றார் மற்றொருவர். எனக்கும் அப்போது காரணம் விளங்கவில்லை. விளங்கியது அவ்வாண்டுக் கார்த்திகை மாதத்தில்.

என் பெரியம்மா கிராமத்து வீட்டில் தனியாக இருப்பவர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்புடையவர். சர்க்கரை நோயும் உண்டு. மாலை உணவுக்கு அரைமணி முன்பாக ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். அன்று அடைமழை. வானம் நண்பகல் முதலே இருண்டு கிடந்தது. ஐந்து மணிக்கு முன்பே மாத்திரையை விழுங்கிவிட்டார். அடுப்படியிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தபோது இரவுபோல் இருட்டு. பொழுது சாய்ந்துவிட்டதென்று முடிவு செய்து, உண்ணாமலே படுத்துவிட்டார். சுவரில் கடிகாரம் இருந்தது. அதில் மணி ஐந்தேகால். ஆனால் பொழுது சாய்வது அவருக்குக் கண்ணால் தெரிந்த கணக்கு. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. அன்று அவர் உண்பதற்கு இன்னும் ஏறத்தாழ அரைமணி நேரம் மீதமிருந்தது.

இரவு எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்க வந்தவர், பெரியம்மா வியர்த்துக் குழறுவதைக் கண்டு சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். அரைமயக்கத்திலும் பெரியம்மா வாயை மூடிக்கொண்டு மறுத்தாராம். வலிந்துதான் புகட்ட வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தார். மறுநாள் நான் ஓடிச் சென்றபோது, விழுந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பொழுது போச்சுன்னு நெனச்சேன் தம்பி. கடைசியில ராத்திரிலயே வாய் நனைச்சுட்டேன்" என்று அதையே சொல்லிச் சொல்லி வருந்தினார்.

அவருடைய தலைமாட்டில் மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி இருந்தது. அதில் எங்கள் செயலியை நானே என் கையால் ஏற்றிக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துத் திறந்து பார்த்தேன். முதல் திரையில் பதினொரு கட்டங்கள். 'பஞ்சாங்கம்' என்பதைத் தொட்டு, அதில் 'இன்று' என்பதைத் தொட்டு, 'மேலும்' என்பதைத் தொட்டு, கீழே தள்ளிச் சென்றால் ஒன்பதாவது வரியில் சிறிய எழுத்தில் அன்றைய அஸ்தமன நேரம் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட ஒரே செய்தி அதில் இருக்கத்தான் செய்தது. இருந்து என்ன பயன்?

இளைஞர்களே, செயலிக்கான எண்ணம் எங்கே பிறக்கிறது என்று நீங்கள் கேட்கும்போது நான் அந்தத் தலைமாட்டைத்தான் நினைக்கிறேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடியபோது, "கைப்பேசியில் எவற்றையெல்லாம் வைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டோம். "யாருக்கு, எந்த நேரத்தில், எது தெரியாமல் கை தடுமாறுகிறது?" என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பின்னதைக் கேட்பதற்கு அமர்ந்து பேசினால் போதாது. போய்ப் பார்க்க வேண்டும். அதன்பின் நான் இரண்டு மாதம், சனி ஞாயிறு தோறும், மாலை நான்கரை மணிக்கு ஏதேனும் ஓர் உறவினர் வீட்டிற்குச் சென்று சும்மா அமர்ந்திருந்தேன். ஆறு மணிக்குள் அந்த வீட்டில் என்னென்ன நடக்கின்றன என்று குறித்துக்கொண்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் தாயிடம், "அங்க பொழுது போயிடுச்சாம்மா?" என்று கேட்டு, அதையே தனக்கும் கணக்காக வைத்துக்கொண்டதைக் கண்டேன். சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளவை. தீர்க்கரேகை மட்டும் இரண்டரைப் பாகைக்குச் சற்று மேல் வேறுபடுகிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், பெங்களூரில் ஆண்டு முழுதும் பொழுது ஏறத்தாழ 11 நிமிடம் பிந்தியே சாய்கிறது. அந்தப் பெண் நாள்தோறும் அலுவலகத்தில் அவசர அவசரமாக உண்டுகொண்டிருந்தார்.

இன்னொரு வீட்டில், "டிசம்பர் கடைசியில்தான் பகல் குறைவு; அப்போதுதான் சீக்கிரம் சாயும்" என்று உறுதியாகச் சொன்னார்கள். பகல் மிகக் குறுகியிருப்பது டிசம்பர் 21, 22 என்பது சரி. ஆனால் சென்னையில் பொழுது மிக முன்னதாகச் சாய்வது நவம்பர் 20ஐ ஒட்டித்தான். அப்போது மாலை 5.39. டிசம்பர் 21இல் 5.47க்கு வந்துவிடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.39 வரை நீள்கிறது. ஆக, ஓராண்டில் ஒரு மணி நேரம் இங்குமங்கும் நகரும் எல்லை அது. அதிலும் எல்லை மிக நெருங்கி வரும் நாள்கள், நம் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடும் நாள்களாக அமைந்துவிடுகின்றன. பெரியம்மாவின் கண் ஏமாந்ததில் வியப்பில்லை.

எனவே பதினொன்றில் பத்தை விட்டோம். ஒன்றே ஒன்று: பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லும் செயலி. நண்பர்கள் தயங்கினார்கள். எட்டு மாத உழைப்பைத் தூக்கி எறிவதா என்றார்கள். நீக்குவதற்கு அஞ்ச வேண்டாம் என்பதற்கு அவர்களுக்கு நான் காட்டிய சான்று இன்ஸ்டாகிராம். கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் என்னும் இருவர் 2010இல் கையில் வைத்திருந்த செயலியின் பெயர் பர்பன். இருக்குமிடத்தைப் பதிவது, நண்பர்களோடு திட்டமிடுவது, படம் பகிர்வது எனப் பலவும் அதில் இருந்தன. படம், அதன்கீழ்க் கருத்து, விருப்பம் தெரிவித்தல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை வெட்டியபோது கிடைத்ததுதான் இன்ஸ்டாகிராம். (அது பின்னாளில் நம் பிள்ளைகளின் நேரத்தை என்ன செய்தது என்பது வேறு கதை.)

எண்ணம் கிடைத்த உடனே நிரல் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். பாம் பைலட் என்னும் கையடக்கக் கணினி 1996இல் வெளிவந்தது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அது உருவாகும் முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாரேனும் ஒரு நாள் குறித்துக்கொள்ளச் சொன்னால், கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். அந்தப் பைத்தியக்காரத்தனத்தில் பெரும் அறிவு இருக்கிறது. நான் மரக்கட்டைக்கு மாறாகப் பழைய திருமண அழைப்பிதழ்களைக் கைப்பேசி அளவில் வெட்டி, பின்புறத்தில் திரையை வரைந்தேன். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதல் அட்டையில் 'சூரியாஸ்தமனம் 17:41' என்று எழுதிப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். "பதினேழு மணியா?" என்று சிரித்தார். இரண்டாவதில் 'மாலை 5.41' என்று மாற்றினேன். அதைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். மனத்திற்குள் கழித்தல் கணக்குப் போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது அட்டையில் பெரிய எழுத்தில் 'பொழுது சாய இன்னும் 32 நிமிடம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கையில் வாங்கிய கணமே, "முப்பத்திரண்டு நிமிஷம் இருக்கா? அப்போ தோசையே ஊத்திடலாம்" என்றார்.

மணியைச் சொன்னால் அவர் கணக்குப் போட வேண்டியிருந்தது. மீதி நேரத்தைச் சொன்னதும் என்ன சமைப்பது என்று முடிவே செய்துவிட்டார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு மூன்று பழைய அழைப்பிதழ்கள். முதல் செயலியில் இதே பாடத்திற்கு எட்டு மாதம் கொடுத்திருந்தேன்.

நண்பர்களே, அட்டையைக் காட்டும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. "இதைத் தொட்டால் இது வரும்" என்று விளக்கினால் அவர்கள் நம் மனம் நோகாமல் இருப்பதற்காகத் தலையாட்டுவார்கள். நம் குடும்பத்தார் நம்மிடம் காட்டும் அன்பு, வடிவமைப்பாளனுக்கு ஒரு தடை! "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இனிக் கணக்கு. அஸ்தமன நேரத்தைக் கணிக்க இணையம் தேவையே இல்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள் ஆகிய மூன்றும் இருந்தால் கைப்பேசியே கணித்துவிடும். ஞாயிற்றின் மேல்விளிம்பு அடிவானத்தில் மறையும் கணத்தைத்தான் அஸ்தமனம் என்று வானியலார் கொள்கிறார்கள். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், கடைசி விளிம்பை நாம் காணும்போது ஞாயிறு உண்மையில் அடிவானத்திற்குக் கீழே போயிருக்கும். அந்த வளைவுக்கும் கணக்கில் இடம் உண்டு. இவையெல்லாம் சூத்திரங்கள், எழுதி முடிக்க இரண்டு நாள் போதுமானது.

சூத்திரத்திற்கு அகப்படாதவைதான் எங்களை அலைக்கழித்தன. மலையின் கீழ்ப்புறம் அமைந்த ஓர் ஊரில் பெரியவர் ஒருவர், "உன் கைப்பேசி இன்னும் பதினைந்து நிமிடம் என்கிறது. பொழுதுதான் மலைக்குப் பின்னால் போய்விட்டதே!" என்றார். சமவெளிக்குப் போட்ட கணக்கு மலையடிவாரத்தில் பொய்த்தது. வேறொருவர், தாம் அஸ்தமனத்திற்கு இரண்டு நாழிகை முன்பே, அதாவது 48 நிமிடம் முன்பே, உண்டு முடிக்கும் வழக்கமுடையவர் என்றார். எது முறை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? செயலி தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அதை எழுதியவன் ஆசானாகிவிடுவான். அந்தத் தகுதி எங்களுக்கு இல்லை. ஆகவே 'என் எல்லை' என்று ஓர் இடம் வைத்து, அஸ்தமனத்திற்கு எத்தனை நிமிடம் முன்பு என்பதை அவரவரே அமைத்துக்கொள்ளும்படி விட்டோம். மலையடி ஊராரும் இரண்டு நாழிகைக் கணக்குடையோரும் அந்த ஓரிடத்திலேயே நிறைவடைந்தார்கள்.

நினைவூட்டும் ஒலி பெருந்தொல்லை தந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் கைப்பேசி மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணி வேலைகளை ஒத்திப்போடுகிறது. மேசைமேல் பகலெல்லாம் தூங்கும் பெரியம்மாவின் கைப்பேசி, 5.00 மணிக்கு ஒலிக்க வேண்டியதை 5.20க்கு ஒலித்தது. இளைஞரின் கைப்பேசியில் இக்குறை தெரியாது, அவர்கள் அதைக் கீழே வைத்தால்தானே! ஆண்ட்ராய்டு 12 முதல் குறித்த நிமிடத்தில் ஒலிப்பதற்குத் தனி அனுமதியும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த அனுமதியைக் கேட்கும் திரையில் என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் நாங்கள் ஆறு அட்டைகள் வரைந்தோம்.

அடுத்து நான் சொல்லப்போவதில் எனக்கே வெட்கம் உண்டு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நல்ல கெட்டிக்காரர். தொடர் நாள் கணக்கு வைக்கலாம் என்றார். நாள்தோறும் பொழுது சாயுமுன் உண்டவர் ஒரு பொத்தானைத் தொட வேண்டும். 10 நாள், 50 நாள், 100 நாள் என்று எண்ணிக்கை ஏறும். உறவினர்களுக்குள் யார் முன்னணி என்று பட்டியலும் காட்டும். மொழி கற்பிக்கும் செயலிகளும் உடற்பயிற்சிச் செயலிகளும் இதைத்தான் செய்கின்றன. மக்களும் விடாமல் திறக்கிறார்கள். முதல் செயலியின் தோல்வியில் வெந்திருந்த எனக்கு அது தேனாக இனித்தது. உடனே அட்டையில் வரைந்து பெரியம்மாவிடம் எடுத்துப் போனேன்.

அவர் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "ஒரு நாள் தவறிப்போனா இது என்ன காட்டும்?" என்றார்.

"பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும் பெரியம்மா."

"நாப்பது வருஷமும் பூஜ்யமா, தம்பி?"

பக்கத்து வீட்டுப் பெண் புகட்டிய அந்தச் சர்க்கரை நீரை அவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். உயிரைக் காத்த அந்த ஒரு கிண்ணத்திற்காக எங்கள் செயலி அவருக்குப் பூச்சியம் போட்டிருக்கும். மற்றவர் பார்வைக்கும் வைத்திருக்கும். அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். நோன்பு ஒருவருக்கும் அவர் மனத்திற்கும் இடையே உள்ளது. உண்டாயா என்று கேட்கும் உரிமை செயலிக்கு இல்லை என்று முடிவு செய்தோம். தம்பிக்கு முதலில் வருத்தம்தான். திறக்கும் எண்ணிக்கை குறையுமே என்றார். குறையட்டும் என்றேன். இன்று எங்கள் செயலியைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை. மீதி நிமிடம் கைப்பேசியின் முகப்புத் திரையிலேயே தெரிகிறது. பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள்.

பழைய செயலியின் விவரத் திரட்டைப் பற்றியும் ஒரு சொல். குடும்பங்களின் முகவரி, தொலைபேசி எண், பெண் பிள்ளைகளின் வயது, படிப்பு என எல்லாவற்றையும் நல்லெண்ணத்தோடுதான் சேர்த்தோம். ஒரு நாள் ஒரு தாயார் என்னை அழைத்து, முன்பின் அறியாத ஒருவர் அவர் மகளின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் பேசியதாகக் கூறி அழுதார். அன்றிரவே அந்தப் பகுதியை மூடினேன். 2023இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் மிகுபொருள் விரும்பாமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லச் சட்டம் வர வேண்டியிருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது. புதிய செயலியில் ஊரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தால் போதும். பெயர், எண் எதுவும் கேட்பதில்லை. தேர்ந்த ஊரும் அந்தக் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை.

திதியையும் சேருங்கள் என்று பலர் கேட்கிறார்கள். அஷ்டமி, சதுர்த்தசி நோன்புகளுக்கு அது பெரிதும் உதவும், உண்மைதான். ஆனால் வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதத்திற்கும் திதி முடியும் நேரத்தில் பல மணி வேறுபாடு வருவதுண்டு. சில நாள்களில் அதனால் நோன்பு நாளே மாறிவிடும். எதைக் கொள்வது என்று பெரியோர்கள் கூடிச் சொன்னால் ஒரு வாரத்தில் செய்து தருகிறோம். அதுவரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

பெரியம்மா நலமாக இருக்கிறார். இதில் செயலியின் பங்கு பாதி. அவருடைய மாலை உணவு நேரம் மாதத்திற்கு மாதம் மாறும் என்று மருத்துவரிடம் எடுத்துச் சொன்னதன் பங்கு பாதி. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நோன்புடைய முதியோர் உங்கள் வீட்டில் இருந்தால், செயலி இருக்கட்டும், முதலில் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. வெளித்திண்ணையில் பழைய அழைப்பிதழ்களை வெட்டி அடுக்கியிருக்கிறோம், பென்சில்களும் உண்டு. செயலி எண்ணம் உடையவர்கள் அமர்வு முடிந்ததும் வாருங்கள். அதை யாரேனும் களவாடிவிடுவார்களோ என்று அஞ்சாமல், இங்கே வந்திருக்கும் பாட்டிமார், தாத்தாமார் எவரேனும் ஒருவர் கையில் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். நேரம் அதிகம் இல்லை. இன்று இவ்வூரில் பொழுது சாய்வது மாலை 6.23. இரண்டு நாழிகைக் கணக்குடையோருக்கும் ஏற்ப, 5 மணிக்கே முதற்பந்தி என்று சமையற்கூடத்தார் அறிவிக்கச் சொன்னார்கள்.